மேஸ்திரி திரும்பிப் பார்க்கக் கூடாது

புது வீட்டுக்குக் குடிபோகும் முன் என்னென்ன செய்ய வேண்டும் என்று சங்கராபுரத்தில் எனக்குச் சொல்லாதவர்கள் இல்லை. பால்காரர் சொன்னார். இஸ்திரி போடுபவர் சொன்னார். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர், தான் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டியும் சொல்லிக்கொண்டு வந்தார். பழைய துடைப்பத்தைக் கொண்டுபோகக் கூடாது. உப்பும் மஞ்சளும் நிறைகுடமும்தான் முதலில் வாசல்படி தாண்ட வேண்டும். மேல்தொட்டியை ஒரு தரம் நிரப்பி, அத்தனை தண்ணீரையும் திறந்துவிட்டு மறுபடி நிரப்ப வேண்டும். இல்லாவிட்டால் காய்ச்சுகிற பாலில் சிமெண்ட் வாசனை அடிக்கும். கட்டடம் கட்டுவதற்காக வாங்கிய மின் இணைப்பை வீட்டு இணைப்பாக மாற்ற மனு கொடுக்க வேண்டும். பாத்திரங்களைச் சாக்கில் கட்டும்போது நடுநடுவே பழைய புடவையைச் செருக வேண்டும்.

நானும் என் பங்குக்கு மனையடி பற்றிய பழைய நூல்கள் சிலவற்றைப் படித்து வைத்திருந்தேன். அறை இத்தனை அடி இருந்தால் யானை கட்டி வாழலாம், இத்தனை அடி இருந்தால் பாம்பு நுழையும் என்றெல்லாம் அவற்றில் இருந்தது. மூட்டு அறுவை சிகிச்சை செய்துகொண்ட மாமியார் உட்கார வேண்டிய வெஸ்டர்ன் கோப்பையை எப்போது பதிப்பது என்று ஒரு நூலிலும் இல்லை.

ஆனியின் கடைசி முகூர்த்தம் ஒரு வியாழக்கிழமை வந்தது. அதை விட்டால் ஆடி. ஆடியில் எங்கள் பக்கம் யாரும் குடிபோக மாட்டார்கள். வாடகை வீட்டுக்காரரோ ஆவணி வரை பொறுப்பதாக இல்லை. அவர் மகனுக்கு அந்த வீட்டை ஒதுக்கிவிட்டார்; மகனும் வந்து சுவருக்கு என்ன வண்ணம் அடிக்கலாம் என்று நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே பார்த்துவிட்டுப் போயிருந்தான். ஆகவே வியாழன் என்று முடிவானது. அதற்குப் பிறகுதான் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் மாமியாரின் முழங்காலுக்கு நாள் கொடுத்தார்கள். அது அதே வாரத்துத் திங்கட்கிழமையாக அமைந்தது.

பால் காய்ச்சுவதைத் தள்ளிவைக்கலாமா என்று மனைவி கேட்டபோது மாமியார் கட்டிலில் படுத்தபடியே மறுத்துவிட்டார்.

"என்னிய சாக்கு வெச்சி நாள தள்ளாதீங்க. முட்டியில கத்தி வெக்கிறவன் பாத்துப்பான். நீங்க பால காய்ச்சுங்க."

அவருக்கு ரிஷிவந்தியம் பக்கத்தில் ஒரு கிராமம். அங்கே கொஞ்சம் நிலமும் ஒரு மாடும் உண்டு. எனக்கும் அவருக்கும் இடையே நடக்கும் பேச்சைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அவர் மகளை நான் கட்டிக்கொண்டு முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இன்றுவரை என் எதிரில் அவர் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. "மாப்ள சாப்டாங்களா" என்பதைக்கூடச் சுவரைப் பார்த்துத்தான் கேட்பார். அப்படிப்பட்டவர், மருத்துவர் "இனிமேல் நீங்க குந்தவே கூடாதும்மா" என்று என்னை வைத்துக்கொண்டு சொன்னதும் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். நான் வெளியே வந்த பிறகு, தாழ்ந்த குரலில் மகளிடம் கேட்டது கதவு வழியாகக் கேட்டது.

"புது வூட்ல அது இருக்குதா?"

"எது?"

"அதான்டி. ஆஸ்பத்திரியில இருக்கிற மாதிரி."

"இருக்குதும்மா. உனக்குன்னே வெக்கிறோம்."

"மெல்லப் பேசு. வெளிய மாப்ள இருக்காங்க."

என் மைத்துனன் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளன். அடுக்குமாடிக் குடியிருப்பில் நான்காவது மாடி. அம்மாவைத் தன்னோடு கொண்டுபோய் வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவனும் அவன் மனைவியும் ஒரு வார விடுப்பில் வந்து ஆஸ்பத்திரியில் தங்கியிருந்தார்கள். "எங்க வூட்ல வெஸ்டர்ன் இருக்கு, லிஃப்ட் இருக்கு. ஞாயித்துக்கிழம டிஸ்சார்ஜ். நேரா கார்ல ஏத்திக்கினு போயிடறேன்" என்றான். மாமியாருக்கு அது பிடிக்கவில்லை. "நாலாவது மாடியில குந்திக்கினு கீழ பறக்கற காக்காவ பாக்கறதா?" என்று மகளிடம் சொன்னார். எங்கள் வீட்டில் இருந்தால் ஊர்க்காரர்கள் பேருந்து பிடித்து வந்து பார்ப்பார்கள். மாடு என்ன செய்கிறது என்று அன்றன்றைக்குத் தெரியும்.

மனைவிக்கு இது வெறும் பிடிவாதம் அல்ல. "ஓசூருக்குப் போயிடுச்சின்னா அப்புறம் அம்மாவ பொங்கலுக்குப் பொங்கல்தான் பாக்க முடியும்" என்று இரவெல்லாம் புலம்பினாள். கடைசியில் அக்காவும் தம்பியும் ஆஸ்பத்திரி கேன்டீனில் டீ குடித்துக்கொண்டு ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். ஞாயிறன்று புது வீட்டில் அம்மா உட்கார ஏற்ற இடம் தயாராக இருந்தால் அம்மா எங்களோடு. இல்லையென்றால் கார் ஓசூருக்கு.

அப்போது எங்களுக்கு அது பெரிய சவாலாகத் தோன்றவில்லை. கோப்பை ஏற்கெனவே ஒரு முறை வந்து, குட்டியானை வண்டியிலிருந்து இறக்கும்போது விளிம்பில் விரிசல் விட்டதால் கடைக்குத் திரும்பிப் போயிருந்தது. "மாத்திக் குடுத்துடறோம் சார், நாளைக்கு" என்றார்கள். மேஸ்திரியும் அலட்டிக்கொள்ளவில்லை. "வந்தவுடனே சொல்லுங்க சார். பத்து நிமிஷ வேல" என்றார். அவர் எங்கள் வீட்டை அஸ்திவாரத்திலிருந்து கட்டியவர். கல்வராயன் மலை அடிவாரத்து ஊர்க்காரர். தன் வேலையைப் பற்றித் தாழ்வாகப் பேசி நான் கேட்டதில்லை.

புதன்கிழமை மாலை தச்சு கழித்தார்கள். வீடு கட்டி முடிந்ததும் வேலைக்காரர்களின் கைபட்ட தோஷமெல்லாம் போக வேண்டும் என்று எங்கள் பக்கம் செய்கிற சடங்கு. மேஸ்திரி குளித்து வேட்டி கட்டிக்கொண்டு வந்து, நடுக்கூடத்தில் கொத்துக் கரண்டி, மட்டம் பார்க்கும் ரசமட்டம், தூக்குக்குண்டு எல்லாவற்றையும் ஒரு பூசணிக்காயோடு பரப்பிப் பொட்டு வைத்தார். ஒரு சேவலின் கொண்டையைக் கீறி ஒரு சொட்டு ரத்தம் விட்டார். அப்புறம் கற்பூரத் தட்டோடு அறை அறையாகப் போனார். அது முடிந்ததும் சேவலையும் பூசணிக்காயையும் கருவிகளையும் தூக்கிக்கொண்டு முன்வாசல் வழியாகப் போய்விட வேண்டும். அவர் திரும்பிப் பார்க்கக் கூடாது. வீட்டுக்காரர்கள் அவரைக் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் கழித்ததெல்லாம் அவரோடு சேர்ந்து வீட்டுக்குள் திரும்பிவிடுமாம். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை உண்டா என்று கேட்டால், இல்லை. ஆனால் அந்த மாலையில், மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வர, சேவல் அவர் கக்கத்திலிருந்து எங்களைப் பார்த்தபடி வெளியேறியபோது, நானும் மூச்சை அடக்கிக்கொண்டுதான் நின்றேன்.

அப்போது மனைவி என் கையைக் கிள்ளினாள். கற்பூரம் குளியலறைக்குள் போனபோதுதான் அவள் கவனித்திருக்கிறாள். டைல்ஸுக்கு நடுவே சதுரமாக விட்ட வெறுந்தரையும், சிமெண்ட் சாக்கு அடைத்த குழாய் வாயும் மட்டும்தான் அங்கே இருந்தன.

"கோப்ப வெக்கலியேங்க."

மேஸ்திரி அதற்குள் வாசல்படி தாண்டிவிட்டார்.

"மேஸ்..." என்று மனைவி வாயைத் திறந்தாள். திருக்கோவிலூரிலிருந்து வந்திருந்த என் அக்கா பாய்ந்து வந்து அவள் வாயைப் பொத்தினாள். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு என் அக்கா என் மனைவியின் மேல் கைவைத்தது அதுதான் முதல் தடவை. இருவருக்கும் அது நினைவில் இருக்கிறது. இருவரும் அதை வேறு வேறு விதமாகச் சொல்கிறார்கள்.

"புத்தி இருக்கா உனக்கு? கழிச்சுக்கினு போறவன கூப்புடுவாங்களா?"

"அண்ணி, அம்மாவுக்கு..."

"அம்மாவுக்கு நாளைக்குப் பாத்துக்கலாம். இப்ப வாயத் தொறந்த, வூடே போச்சு."

மேஸ்திரி தெருமுனை வரை போய், வண்டியைக் கிளப்பி, ஒரு தரம்கூடக் கழுத்தைத் திருப்பாமல் போனார். எதிரே வந்த லாரிக்கு வழிவிடும்போதும் கண்ணாடியைப் பார்க்கவில்லை. பாராட்ட வேண்டிய கட்டுப்பாடு. நாங்கள்தான் பாராட்டும் நிலையில் இல்லை.

வியாழக்கிழமை பால் பொங்கியது. வந்தவர்கள் ஒவ்வொரு அறையாகப் பார்த்தார்கள். குளியலறைக் கதவை மட்டும் மனைவி பூட்டி, "பெயிண்ட் காயல" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மேஸ்திரி தெருவில் போட்டிருந்த பந்தலிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். உள்ளே வாருங்கள் என்று நான் அழைத்தபோது வாயில் வடையோடு வேண்டாமென்று தலையை ஆட்டினார். அதை மரியாதை என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை கோப்பை வந்தது. பிளம்பர் தன் மொபெட்டில் கயிறு போட்டுக் கட்டி, ஊர் சுற்றிப் பார்க்க வந்த பெரிய மனிதரை ஏற்றிவருவது போல மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தார். இறக்கி வாசலில் வைத்துவிட்டு, குழாய் வேலைக்கான சாமான்களை எடுத்துக்கொண்டு குத்தவைத்து உட்கார்ந்தார்.

"வெக்கலாமே" என்றேன்.

"மேஸ்திரி வரட்டும் சார்."

"நீங்க வெக்க மாட்டீங்களா?"

"கோப்பைய பதிக்கிறது கொத்து வேல சார். பைப்புல தண்ணி வரணும், போவணும், அதான் என் வேல. நான் சிமெண்ட்ட தொட்டேன்னு தெரிஞ்சா அடுத்த வூட்டுக்கு மேஸ்திரி என்ன கூப்புட மாட்டாரு."

மேஸ்திரிக்குப் போன் செய்தேன். உடனே வந்தார். வந்தவர் எங்கள் வீட்டுக்கு எதிரே, சாலையின் அந்தப் பக்கத்தில், புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தி அங்கேயே நின்றுகொண்டார். நான்தான் சாலையைக் கடந்து போனேன்.

"இன்னா மேஸ்திரி, இங்கயே நின்னுட்டீங்க?"

"சார், நீங்க படிச்சவரு. முந்தாநாளு இன்னா பண்ணோம்?"

"தச்சு கழிச்சோம்."

"கழிச்சவன் ஆடி முடியற வரைக்கும் அந்த வாசப்படிய தாண்டலாமா? எங்கப்பா எனக்குக் கரண்டிய கையில குடுத்தப்பவே சொன்னது. நான் உள்ள வந்தா உங்களுக்கும் ஆவாது, எனக்கும் ஆவாது. எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க சார்."

"வேற யாரையாச்சும் அனுப்புங்க."

"அனுப்பறேன். வருவானான்னு கேட்டுப் பாருங்க."

கேட்டேன். ஊரில் எனக்குத் தெரிந்த இன்னும் இரண்டு கொத்தனார்களைப் போனில் பிடித்தேன். இருவரும் முதலில் கேட்டது ஒரே கேள்விதான்: "தச்சு கழிச்சாச்சா?" ஆயிற்று என்றதும் ஒருவர் தனக்கு மூங்கில்துறைப்பட்டில் வேலை என்றார். மற்றவர் கொஞ்சம் நேர்மையானவர். "அவரு கழிச்சத நான் போயி எப்படி சார் தொறக்கறது? வூட்டுக்குள்ள எனக்கும் பொண்டாட்டி இருக்கு" என்றார்.

அதற்குள் மனைவி வாசலுக்கு வந்து, சாலையைக் கடக்காமல், இந்தப் பக்கத்திலிருந்தே பேசத் தொடங்கினாள்.

"மேஸ்திரி! ஞாயித்துக்கிழம எங்கம்மா வருது. கோப்ப இல்லன்னா என் தம்பி ஓசூருக்கு இட்டுக்கினு போயிடுவான். நீங்கதான பத்து நிமிஷ வேலன்னீங்க?"

"பத்து நிமிஷ வேலதான்கா. இல்லன்னு நான் எங்க சொன்னேன்? உள்ள வரக்கூடாதுன்னுதான் சொல்றேன்."

"அப்ப எங்கம்மா எங்க போவும்?"

லாரி ஒன்று நடுவே போனதால் பதில் தாமதமானது. புழுதி அடங்கியபோது மேஸ்திரியின் முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது.

"அக்கா, ஒண்ணு செய்யலாம். வேலக்காரன் கை வெச்சாதான் அது வேல. வூட்டுக்காரரு தன் வூட்ல கை வெச்சா அது வேலயில சேராது. ஆணி அடிக்கறோம், கொடி கட்டறோம், அந்த மாதிரி. சார் பண்ணட்டும். நான் சொல்லிக்கினே இருக்கேன்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். பிளம்பரும் பார்த்தார். வட்ட அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் தள்ளி ஓய்வு பெற்ற நான், அதுவரை கையில் எடுத்த கனமான கருவி காகிதத்தில் துளை போடும் பஞ்ச்தான்.

முதலில் வீடியோ அழைப்பில் காட்டலாம் என்றேன். மேஸ்திரி யோசித்தார். போனை வாங்கிப் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார்.

"வேணாம் சார். வீடியோவுல பாத்தா அது திரும்பிப் பாத்த மாதிரி ஆயிடும்."

"இது போன்தானே மேஸ்திரி?"

"வூட்டு உள்பக்கம் தெரியுதா இல்லியா? தெரிஞ்சா பாத்ததுதான். பேச்சு மட்டும்னா பரவால்ல. பேச்சு எங்க வேணா போவும்."

அவருடைய கரண்டியும் ரசமட்டமும்கூட உள்ளே வரக் கூடாது, அவையும் கழித்துக்கொண்டு போனவை என்றார். மனைவி உள்ளே போய், வாடகை வீட்டிலிருந்து வந்த சாக்கு ஒன்றைப் பிரித்து, பழைய தோசைத் திருப்பியை எடுத்துவந்தாள். "இத்தோட இது சமையக்கட்டுக்கு வரக்கூடாது" என்று சொல்லிக் கொடுத்தாள். மட்டம் பார்க்க, பால் காய்ச்சியதற்கு அன்பளிப்பாக வந்த எவர்சில்வர் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றிவைக்கலாம் என்பது பிளம்பரின் யோசனை. தாம்பாளத்தில் எழுதியிருந்த பெயரைப் பார்த்து, "இது எங்க சித்தப்பா குடுத்ததாச்சே" என்று மனைவி தயங்கினாள். பிறகு அதையும் கொடுத்தாள். அப்போதுதான் இன்னொன்றும் சொன்னாள்.

"இங்க பாருங்க. நீங்க வெச்சதுன்னு அம்மாவுக்குத் தெரியவே கூடாது. மாப்ள கை வெச்சதுன்னு தெரிஞ்சா அது சாவற வரைக்கும் அதுல உக்காராது."

குளியலறையில் நானும் பிளம்பரும். கதவருகே போனைப் பிடித்தபடி மனைவி. ஒலிபெருக்கியில் மேஸ்திரி. ஆனால் அவருக்குத் தொலைபேசியில் மெல்லப் பேசிப் பழக்கமில்லை. ஆகவே ஒவ்வொரு சொல்லும் முதலில் ஜன்னல் வழியாக நேரடியாகவும், கொஞ்சம் பொறுத்துப் போன் வழியாகவும் இரண்டு முறை வந்தது.

"சார், கலவை எப்படி இருக்குது?"

"கெட்டியா இருக்கு."

"எந்த மாதிரி கெட்டி?"

தோசைத் திருப்பியால் இன்னொரு தரம் கிண்டிப் பார்த்தேன். மனைவி எட்டிப் பார்த்து, "உப்புமா மாதிரி இருக்கு மேஸ்திரி" என்றாள்.

"ஐயோ, தண்ணி வுடுங்க. கேப்பங்களி மாதிரி வரணும்."

"இப்ப கூழாயிடுச்சு."

"ஜாஸ்தி வுட்டுட்டாரா? சிமெண்ட்ட கொஞ்சம் தூவச் சொல்லுங்க. கொஞ்சம்னா கொஞ்சம். கோலம் போடற மாதிரி."

களிப் பதம் வந்ததும் சாக்கை எடுத்துவிட்டு, தரையை நனைத்து, கலவையைப் பரப்பினேன். நானும் பிளம்பரும் கோப்பையைத் தூக்கிக் குழாய் வாய்க்கு நேராக இறக்கினோம். தூக்குவது கொத்து வேலையில் சேராது என்று பிளம்பர் தானாகவே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார். மேலே தாம்பாளத்தை வைத்துத் தண்ணீர் ஊற்றினோம்.

"தண்ணி எந்தப் பக்கம் நிக்குது?"

"இடது பக்கம்."

"அப்ப பீச்சாங்கைப் பக்கம் ஒரு தட்டு தட்டுங்க."

தட்டினேன். தண்ணீர் தாம்பாளத்தைத் தாண்டி என் வேட்டியில் கொட்டியது. இன்னும் தட்டச் சொன்னார், தட்டினேன், இன்னும் மோசமானது. விசாரித்ததில், மேஸ்திரி புளியமரத்தடியில் வீட்டைப் பார்த்து நின்றுகொண்டு என் இடதைத் தன் வலதாக்கி, தன் கைக் கணக்கில் சொல்கிறார், நான் சாலையைப் பார்த்து உட்கார்ந்து என் கைக் கணக்கில் தட்டுகிறேன் என்பது தெரிந்தது.

"நான் ரோட்ல இருந்து சொல்றேன். நீங்க உள்ள இருந்து தட்டினா எப்படி சார்?" என்று அவர் என்னைத்தான் கண்டித்தார்.

அதன் பிறகு இடம் வலத்தை விட்டுவிட்டோம். மேற்கே கல்வராயன் மலை; கிழக்கே பள்ளிக்கூடம். "மலைப் பக்கம் ஒரு தட்டு." "ஸ்கூல் பக்கம் லேசா." இது நன்றாக வேலை செய்தது. இவ்வளவு பெரிய மலையை இவ்வளவு சிறிய காரியத்துக்கு யாரும் பயன்படுத்தியிருக்க மாட்டார்கள்.

வெளியே ஆடு ஓட்டிக்கொண்டு போன ஒரு பெண் நின்றுவிட்டாள். அவள் குரலும் போனில் கேட்டது.

"இன்னா மேஸ்திரி, வூட்டப் பாத்து கத்திக்கினு இருக்க?"

"கோப்ப வெச்சிக்கினு இருக்கேன்."

"எங்க?"

"உள்ள."

"நீ வெளிய இருக்கியே?"

"உனக்குச் சொன்னா புரியாது, ஆட்ட ஓட்டு."

ஒரு வழியாகத் தண்ணீர் நடுவில் நின்றது. விளிம்பைச் சுற்றி வெள்ளைச் சிமெண்ட் பூசினேன். தோசைத் திருப்பி அந்த வேலைக்கு நன்றாகவே வளைந்தது. பிளம்பர் ஃப்ளஷ் தொட்டியையும் குழாயையும் இணைத்துவிட்டு, ஒரு முறை தண்ணீர் விட்டுப் பார்த்தார். போக வேண்டிய இடத்துக்குப் போயிற்று. "ஞாயித்துக்கிழம வரைக்கும் யாரும் மேல உக்காரக்கூடாது. பல்லி உக்காந்தாக்கூட வெரட்டுங்க" என்று மேஸ்திரி உத்தரவிட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

அன்று சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. மழை வியாழக்கிழமை பெய்தது என்று மனைவி இப்போதும் சொல்கிறாள். வியாழக்கிழமை பந்தலில் இலை போட்டுச் சாப்பாடு நடந்ததே, நனைந்தா சாப்பிட்டார்கள் என்று நானும் ஒவ்வொரு முறையும் கேட்கிறேன். வெள்ளிக்கிழமைதான். சிமெண்ட் காயாது என்று பயந்து, நீட்டிப்பு ஒயர் இழுத்து, மேசை மின்விசிறியை ஸ்டூலின் மேல் வைத்துக் கோப்பைக்கு நேராகத் திருப்பிவிட்டோம். நாங்கள் கூடத்தில் சாக்கு மூட்டைகளுக்கு நடுவே விசிறியால் விசிறிக்கொண்டு படுத்தோம். கோப்பை காற்றோட்டமாக இருந்தது.

சனிக்கிழமை மாலை மைத்துனன் சோதனைக்கு வந்தான். நேரே குளியலறைக்குப் போனான். தொழிற்சாலையில் பழகியவன், கைபேசியில் மட்டம் பார்க்கும் செயலி வைத்திருந்தான். அதை விளிம்பில் வைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"மாமா, மலைப் பக்கம் ஒரு டிகிரி சாயுது."

"ஒரு டிகிரி ஒண்ணும் பண்ணாது மச்சான்."

"மேஸ்திரியா வெச்சாரு?"

மனைவி என்னை முந்திக்கொண்டாள். "மேஸ்திரிதான் சொல்லிச் சொல்லி வெச்சாரு" என்றாள். அதில் பொய் இல்லை.

"எங்க வூட்ல எல்லாம் செவுத்துல மாட்டினது. தரையில படாது. பாக்கலாம். நாளைக்கு அம்மா உக்காரட்டும். ஆடிச்சின்னா நான் ஒண்ணும் கேக்க மாட்டேன், நேரா ஓசூர்தான்" என்றான். ஒரு முறை ஓரத்தில் கைவைத்து அழுத்தியும் பார்த்தான். மனைவி, "டேய், கைய எடு, இன்னும் காயல" என்று பாய்ந்தாள். தம்பியின் முதுகில் ஓர் அடியும் விழுந்தது. அவனுக்கு ஐம்பது வயது.

ஞாயிறு காலை கார் வந்தது. மாமியார் வாக்கரைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். அவருடைய பை டிக்கியிலேயே இருந்தது. அதை எடுக்க யாரும் போகவில்லை. வாசலில் ஆரத்தி எடுத்தார்கள். உள்ளே வந்தவர் சமையலறையைப் பார்த்தார், பூஜை மாடத்தைப் பார்த்தார், கூடத்துத் தரையை வாக்கரால் தட்டிப் பார்த்தார். "வழுக்குது" என்றார். நாங்கள் உடனே மிதியடி போட்டோம். பிறகு மகளைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். மகள் அவரைக் கூட்டிக்கொண்டு போனாள். கதவு மூடியது. மனைவி வெளியே வந்து நின்றாள்.

நான் நாளிதழை எடுத்து விரித்துக்கொண்டேன். மைத்துனன் கார்ச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டிருந்தான். அவன் மனைவி ஜன்னலுக்கு வெளியே தெரிந்த மலையை இதற்கு முன் மலையே பார்க்காதவள் போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. வீட்டில் இருந்த நால்வரும் எதைக் கேட்கக் காத்திருக்கிறோம் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது; அதனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அந்த அமைதியில்தான் சாலைக்கு அப்பாலிருந்து அந்தக் குரல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லாத மேஸ்திரி, என்ன ஆயிற்று என்று பார்த்துப்போக வந்திருக்கிறார். இந்த முறை போன்கூட இல்லை.

"சார்! நீங்க வெச்ச கோப்ப நிக்குதா? ஆயா உக்காந்தாங்களா?"

பேருந்துக்காகப் புளியமரத்தடியில் நின்றவர்கள் எல்லாரும் எங்கள் வீட்டைத் திரும்பிப் பார்த்தார்கள். மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். என் கையிலிருந்த நாளிதழ் தலைகீழாக இருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

"சார்! மலைப் பக்கம் சாயலியே? நீங்க தட்டினது பத்தாதோன்னு ராத்திரியெல்லாம் எனக்கு ரோசன!"

மைத்துனன் என் பக்கம் மெதுவாகத் திரும்பினான். "மாமா, நீங்களா வெச்சீங்க?"

நான் நாளிதழை நேராகத் திருப்பிக்கொண்டேன். குளியலறைக்குள் வாக்கரின் கால் ஒன்று தரையில் உரசியது. பிறகு நீண்ட நேரம் ஒன்றுமில்லை. அவர் எழுந்துவிட்டார், உட்காராமலே வெளியே வரப்போகிறார், நாங்கள் தோற்றுவிட்டோம் என்று நினைத்தேன். மனைவியும் அதைத்தான் நினைத்திருக்கிறாள். கதவின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு, "யம்மா" என்று மட்டும் சொன்னாள்.

அதற்குப் பதிலாக உள்ளே தண்ணீர் இறங்கியது. தொட்டி காலியாகி மறுபடி நிரம்பும் சத்தம் வரை நாங்கள் முழுதாகக் கேட்டோம்.

கதவு திறந்தது. மாமியார் வந்தார். புடவைத் தலைப்பைத் தோள்வரை இழுத்து மூடியிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. மகனையும் பார்க்கவில்லை. வாக்கரை ஒவ்வொரு அடியாக நகர்த்தி, கூடத்தைக் கடந்து, வாசல் வரை போய் நின்றார். கழுத்தை நீட்டினார்.

"இன்னாய்யா அது, ரோட்ல நின்னுக்கினு ஏலம் வுட்டுக்கினு இருக்க? எல்லாம் நிக்குது, ஒண்ணும் சாயல. போ, போய் வேலயப் பாரு!"

புளியமரத்தடியில் யாரோ சிரித்தார்கள். மேஸ்திரி கையெடுத்துக் கும்பிட்டார்.

மாமியார் வாசலில் நின்றபடியே, மகனைப் பார்த்துக் காரைக் காட்டினார்.

"டிக்கியில பை இருக்குது பாரு. எடுத்துக்கினு வா."

"அம்மா, ஓசூரு..."

"எடுத்துக்கினு வாடான்றேன். நாலு மாடி ஏறி வந்து யாருடா கூவிக் கேப்பாங்க, உக்காந்தியான்னு?"

பை உள்ளே வந்தது. மனைவி அதை வாங்கி, யாரும் மனம் மாறுவதற்குள், அதிலிருந்த புடவைகளை அலமாரியில் அடுக்கத் தொடங்கினாள். மாமியார் கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்து, "மாப்ள காலையில இருந்து ஒண்ணும் சாப்புடலியா?" என்று கேட்டார்.

மைத்துனன் மதியச் சாப்பாடு முடிந்து கிளம்பினான். கிளம்பும் முன் அவனும் ஒரு தரம் குளியலறைக்குப் போய் வந்தான். கைபேசியை வெளியே மேசையின் மேல் வைத்துவிட்டுத்தான் போனான்.